வீரணன் அண்ணன் காலுக்கு ஒரு செருப்பு

1. தேரை

கம்பத்தில் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறேன். முப்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. படிப்பு கம்மி. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததில் ஒன்றை எழுதுகிறேன்.

அன்று கடையில் கல்யாணக் கூட்டம். மாப்பிள்ளைக்கு ஷூ எடுக்க ஒரு வேன் ஆள் வந்திருந்தது. அவர்களை விலக்கிக்கொண்டு பாண்டியம்மா அக்கா உள்ளே வந்தார். கையில் ஒற்றைக் கம்பூட்ஸ். முட்டி வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ். போன மாதம் நான் விற்றது.

கொண்டுவந்து மேசை மேல் கவிழ்த்தார். தண்ணீர் கொட்டியது. தண்ணீருக்குப் பின்னால் ஒரு தேரை விழுந்தது. அது சற்று நேரம் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்தது. பிறகு லேடீஸ் செக்சன் பக்கம் தாவியது. கல்யாண வீட்டுப் பெண்கள் பெஞ்சு மேல் ஏறினார்கள்.

"தண்ணி உள்ள போகாதுன்னு சொன்னயில்ல தம்பி?" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"போயிருக்கு. போன தண்ணி வெளிய வரல. உள்ள குடித்தனம் நடக்குது."

முதலாளி கல்லாவில் இருந்து எட்டிப் பார்த்தார். "எக்ஸ்சேஞ்சு கிடையாதும்மா. உயிரோட இருக்குற சாமானோட வந்தா கிடையவே கிடையாது."

மாப்பிள்ளைதான் தேரையைப் பிடித்து வெளியே விட்டார். நல்ல பிள்ளை. போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஷூவைக் கழற்றாமலே பிடித்தார். அதனால் அந்த ஷூவையே வாங்க வேண்டியதாகிவிட்டது.

அக்காவை ஓரமாக உட்கார வைத்தேன். அவர் வீட்டுக்காரர் வீரணன் அண்ணன். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். தோட்டத்துக்குள்ளேயே வீடு. அண்ணனுக்குச் சுகர். காலில் உணர்ச்சி குறைவு. போன வருசம் ஒரு முள் ஏறி, ஏறியதே தெரியாமல் நடந்து, புண் புரையோடி, தேனியில் கொண்டுபோய்ச் சேர்த்து, வலது காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள்.

"இன்னொரு புண்ணு வந்தா வெரலோட நிக்காதும்மான்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றார் அக்கா. "காலு போயிரும்னு சொல்லாமச் சொன்னாரு. அதக் கேட்டுக்கிட்டு இந்த மனுசன் என்ன சொன்னாகன்னு தெரியுமா? சரிங்க சார், மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்டு எத்தன மணிக்கு வரும்னு யாருக்காச்சும் போனப் போட்டுக் கேக்கணும்னாக."

பிரச்சினை இதுதான். அண்ணன் தோட்டத்தில் நாள் முழுக்க நிற்கிற ஆள் இல்லை. ஒரு எட்டுப் போய்ட்டு வர்றேன் என்று போவார். மோட்டார் போட ஒரு எட்டு. அணைக்க ஒரு எட்டு. மடை மாற்ற ஒரு எட்டு. கறிவேப்பிலை பறிக்க ஒரு எட்டு. ஒரு எட்டுக்கு எவன் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டுவான்? எல்லாமே வெறுங்கால்தான்.

"எனக்கு என்ன வேணும்னு கேட்டுக்க" என்றார் அக்கா. "நின்ன வாக்குல மாட்டணும். நின்ன வாக்குல கழட்டணும். குனியக் கூடாது, உக்காரக் கூடாது, கைய வைக்கக் கூடாது. தண்ணி உள்ள போகக் கூடாது. முள்ளு ஏறக் கூடாது. சேறு புடிச்சு இழுக்கக் கூடாது."

முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இம்புட்டும் செய்யுற மாதிரி எனக்கு ஒரு ஆளே அமையல. செருப்புக்கு எங்கம்மா போக?"

"பார்க்கிறேன்க்கா" என்றேன்.

அந்தப் பூட்ஸ் மழையில் எங்கே கிடந்தது, தேரை குடியேறுகிற அளவுக்கு ஏன் கிடந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

2. வாளி

முதலில் சுகர்காரர்கள் போடுகிற மெத்தைச் செருப்பைக் கொடுத்தேன். காலுக்கு நல்லது. சேற்றுக்கு ஆகாது. மடையில் கால் வைத்ததும் ஒன்றைச் சேறு வாங்கிக்கொண்டது. அண்ணன் மற்றதோடு வந்தார்.

அடுத்து, மேலெல்லாம் ஓட்டை போட்ட ரப்பர் ஷூ. மாட்டச் சுலபம். ஓட்டை வழியாகத் தண்ணீர் வரும், அதுவே போய்விடும். ஆனால் பொடிக்கல்லும் வரும், அது போகாது. உணர்ச்சியில்லாத காலுக்குள் கல் கிடந்தால் சாயங்காலம்தான் தெரியும். கொடுத்த பிறகு நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் எதையும் வாய் வார்த்தையில் நம்பவில்லை. கடைக்குப் பின்னால் இருந்து வாளியை எடுத்து வந்தேன். தண்ணீர் ஊற்றினேன். ஒவ்வொரு மாடலாக மாட்டிக்கொண்டு உள்ளே நின்றேன். ஒரு கால் வாளியில், ஒரு கால் தரையில். அப்படியே வியாபாரமும் பார்த்தேன். ஒரு அம்மா மகளுக்குக் கல்யாணச் செருப்புக் கேட்டார். நான் நகராமலே கைநீட்டி எடுத்துக் கொடுத்தேன்.

"தம்பிக்கு என்ன, காலு வீக்கமா?" என்று கேட்டார்.

"டெஸ்ட்டிங்."

முதலாளி தலையில் கை வைத்தார். "ஏலே, இது கடையா, குளத்துப் படிக்கட்டா? வர்றவுக எல்லாம் ஒன் காலக் கும்பிட்டுப் போகப் போறாக."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் குமுளிக்குப் போனேன். அங்கே ஏலத்தோட்டத்துக்கு வேண்டிய சாமான் விற்கிற கடை இருக்கிறது. கடைக்காரர் ஒரு பச்சை ஷூவை எடுத்துப் போட்டார். முன்பக்கம் மூடியது. ஓட்டை இல்லை. தையல் இல்லை. ஒரே அச்சில் வார்த்தது. பின்பக்கம் குதிகாலுக்கு ஒரு சின்னத் தடுப்பு மட்டும். அடியில் நல்ல கிரிப்.

"சேட்டா, இது தோட்டத்துல இடுந்நதா. வெள்ளம் கேறில்ல" என்றார். தோட்டத்தில் போடுவது, தண்ணீர் ஏறாது என்கிறார். கம்பத்துக்காரனுக்குப் பாதி மலையாளம் பஸ்ஸிலேயே வந்துவிடும்.

அந்தக் கடையிலும் வாளி கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். நின்று பார்த்தேன். அந்தக் குதிகால் தடுப்புக்குக் கீழே தண்ணீர் இருக்கும் வரை ஒரு சொட்டு வரவில்லை. நின்றபடியே கால் உள்ளே போனது. மற்ற கால் விரலால் குதியை அழுத்தினால் வெளியே வந்தது.

வீரணன் அண்ணன் கடைக்கு வந்து போட்டுப் பார்த்தார். கொஞ்சம் நடந்தார்.

"காலுக்குத் தோதாத்தான் இருக்கு" என்றார். "ஆனா பச்சையா இருக்கேப்பா. வெட்டுக்கிளி மாதிரி. கறுப்புல இல்லயா?"

"இப்போதைக்குப் பச்சைதான் வருதுண்ணே."

"சரி" என்று போட்டுக்கொண்டே போனார்.

எனக்கு அன்று மதியம் சோறு நன்றாக இறங்கியது. ஒரு வாரத்தில் அக்கா போன் செய்தார்.

"செருப்பு எப்படிக்கா?"

"நல்லாத்தேன் இருக்காம். கால்லதேன் இல்ல."

"எங்க இருக்கு?"

"தோட்டத்துலதேன் கழட்டிப் போட்டுட்டு வந்துர்றாக. நீ இன்னொண்ணு குடு."

கொடுத்தேன். மறுபடி கேட்டார். மறுபடி கொடுத்தேன். ஒரே ஆளுக்கு ஒரே மாடல் போய்க்கொண்டே இருந்தது. முதலாளி மட்டும் இதில் ஒரு குறையும் பார்க்கவில்லை.

3. சாமிக்கு என்ன நம்பர்

இந்தச் சமயத்தில் ஒரு நாள் வெளியூர் அம்மா ஒருவர் வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் மஞ்சப்பை.

"தோட்டத்துல போடுற பச்சைச் செருப்பு இருக்காமே. தண்ணி புகாதாமே."

"இருக்கும்மா. யாருக்கு?"

"சாமிக்கு."

அவர் சொன்னார். "வீரணன் தோட்டத்துக் கருப்பனுக்கு நேந்திருக்கேன்ப்பா. அங்கன வரிசையா வச்சிருக்காக. புதுச் செருப்பு. கருப்பனுக்குச் செருப்பு வைக்கிறது எங்கயும் உள்ளதுதேன். ஆனா இங்கன இந்தப் பச்சையத்தேன் கேக்குதாம். என் மகனுக்கு வெளிநாட்டு வேலைக்குச் சொல்லியிருக்கு. அதுக்குத்தேன்."

முதலாளி கல்லாவை விட்டே எழுந்து வந்தார்.

"சாமிக்கு என்னம்மா நம்பர்?"

"அது தெரியாதேப்பா. பெருசாக் குடு. சாமி பெருசுல்ல."

குமுளியில் இருந்து பச்சையை எல்லா நம்பரிலும் இறக்கியிருந்தோம், அதில் பதினொன்றாம் நம்பர் தேங்கிவிட்டது. எங்கள் பக்கம் அவ்வளவு பெரிய கால் கிடையாது. மேல் தட்டில் தூசி படிந்து கிடந்த ஒன்றை முதலாளி தன் கையாலேயே துடைத்துக் கொடுத்தார். அந்த வாரமே இன்னும் சிலர் வந்தார்கள். ஒருவர் வழக்கு ஜெயிக்க. ஒருவர் மாடு திரும்பக் கிடைக்க. எல்லாருக்கும் பதினொன்று.

"ஏலே, அந்தக் குமுளிக்காரன்ட்ட சொல்லி பெரிய சைசா எறக்கு" என்றார் முதலாளி. "கருப்பன் நம்ம கஸ்டமர்."

அங்கே வரிசையாக இருக்கிற புதுச் செருப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதெல்லாம் எட்டாம் நம்பர். வீரணன் அண்ணன் நம்பர்.

4. தண்ணி போகிற பக்கம்

லீவு சொல்லிவிட்டு நேரே தோட்டத்துக்குப் போனேன்.

வீடு பள்ளத்தில். மோட்டார் ரூம் மேட்டில். வீட்டில் இருந்து மோட்டார் ரூமுக்கு ஒற்றையடிப் பாதை. பாதி வழியில் ஒரு இலுப்பை மரம். மரத்தடியில் கருப்பன். உயரமான ஒரு கல். பக்கத்தில் ஊன்றிய அரிவாள்.

கருப்பனுக்கு இந்தப் பக்கம் என் கடை இருந்தது. கம்பூட்ஸில் மற்றது, மெத்தைச் செருப்பில் மிச்சமான ஒன்று, ஓட்டை ஷூ ஒரு ஜோடி, பச்சை ஷூ வரிசையாக. அதற்குப் பக்கத்தில் ஜனங்கள் வைத்த பதினொன்றாம் நம்பர்கள். எல்லாவற்றுக்கும் குங்குமம். ஒன்றுக்கு மாலை.

வீட்டு வாசலில் அண்ணன் மோர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து "வாப்பா" என்றார். அதற்குள் மோட்டார் ரூமில் பல்பு எரிந்தது. த்ரீ பேஸ் வந்துவிட்டது. டம்ளரை வைத்தார். நின்றபடியே பச்சை ஷூவில் காலை விட்டார். போனார். நான் பின்னாலேயே போனேன்.

இலுப்பை மரத்துக்கு முன்னால் நின்றார். நின்றபடியே கழற்றினார். கும்பிட்டார். வெறுங்காலோடு கருப்பனைத் தாண்டி மோட்டார் ரூமுக்குப் போனார். மோட்டாரைப் போட்டார். தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்து வாய்க்காலில் இறங்கியது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் கூடவே அவரும் இறங்கினார். திராட்சைப் பந்தலுக்கு அடியில், மடைக்கு மடை, சேற்றில் மிதித்து, நேரே வீட்டுப் பின்பக்கம் வந்து சேர்ந்தார்.

அந்தப் பந்தல் முழுக்கக் கவாத்துப் பண்ணிப் போட்ட குச்சி. வெட்டின முனை ஊசி மாதிரி நிற்கிறது. நடுவில் பந்தல் கட்டின கம்பித் துண்டு. நானே பார்த்துப் பார்த்துத்தான் கால் வைத்தேன். அவர் பார்க்கவில்லை. அவர் பார்த்தது தண்ணீரை.

செருப்பு கருப்பன்கிட்டேயே நின்றது.

"அண்ணே, திரும்பி அந்த வழியா வந்து செருப்ப எடுக்க மாட்டீங்களா?"

"தண்ணி இங்கிட்டுப் போகுது. நான் அங்கிட்டுப் போயி என்ன செய்ய?"

"அப்புறமாப் போய் எடுக்கலாம்ல?"

"அதுக்குள்ள எவனாச்சும் குங்குமத்த வச்சிர்றான். சாமிக்கு வச்சத எடுத்து மாட்டச் சொல்றியா?"

"போறப்பக் கருப்பன் பக்கம் போகாம, பந்தலுக்குள்ள போனா என்ன?"

அண்ணன் மண்வெட்டியை ஊன்றினார். "கருப்பனக் கும்பிடாம மோட்டாரப் போடவா? ஒரு தடவ அவசரத்துல போட்டேன். மோட்டார் காயிலு எரிஞ்சு போச்சு."

"கையில எடுத்துக்கிட்டுத் தாண்டினா?"

"செருப்பத் தூக்கிக் காட்டிக்கிட்டா? நல்லா இருக்கேப்பா ஒன் நாயம்."

அவர் சொன்ன எதிலும் தப்பு இல்லை. அதுதான் கஷ்டம்.

5. ரெண்டு ஜோடி

எனக்கு ஒரு யோசனை வந்தது. இன்னொரு ஜோடியை மோட்டார் ரூமில் வைத்துவிட்டால் என்ன? கருப்பனுக்கு இந்தப் பக்கம் ஒன்றைக் கழற்று, அந்தப் பக்கம் ஒன்றை மாட்டு. சொன்னேன். அண்ணன் தலையாட்டினார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். பஸ்ஸில் வரும்போது எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

மறுநாள் அக்கா போன் செய்தார்.

"தம்பி, ஒரு எட்டுக்குச் சரியா இருந்துச்சு."

"அப்புறம்?"

"மோட்டார் ரூமு செருப்பு வீட்டுக்கு வந்துருச்சு. அதப் போட்டுக்கிட்டு அடுத்த எட்டுப் போனாக. அதையும் கருப்பன்கிட்ட கழட்டிட்டாக. இப்ப ரெண்டும் அங்கனதேன். மோட்டார் ரூமுல ஒண்ணும் இல்ல."

நான் அதற்கும் ஒரு வழி சொன்னேன்.

"நீங்க ஒண்ண எடுத்து மோட்டார் ரூமுல வச்சிரலாமேக்கா."

"நான் மட்டும் செருப்பத் தூக்கிக்கிட்டு அவன் முன்னாடி போகலாமாக்கும்?"

முதலாளி பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டார். "நல்ல யோசனைடா" என்றார். "ஒரு எட்டுக்கு ஒரு ஜோடி. அவுகள விட்றாத."

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அக்காவிடம் இருந்து போன் வரவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆகவில்லை. ஒரு நாள் அக்கா வாசல் கூட்டும்போது தரையில் ரத்தத் தடம் பார்த்திருக்கிறார். பின்வாசலில் இருந்து அடுப்படி வரைக்கும். தடத்தைப் பிடித்துக்கொண்டே போனால் அண்ணன் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். குதிகாலில் கம்பித் துண்டு. அவருக்குத் தெரியவே இல்லை.

தேனிக்குக் கூட்டிப் போனார்கள். ஆழம் இல்லை என்று டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பினார். ஆறுவதற்குக் கார்த்திகையும் போய் மார்கழியும் போனது. ஆறிவிட்டது. இந்தத் தடவை.

கட்டுப் பிரித்த அன்று அக்கா தனியாகக் கடைக்கு வந்தார். முதலாளி கிண்டல் எதுவும் பேசவில்லை.

"மாசியில கருப்பனுக்குப் பொங்க வைக்கிறோம்" என்றார் அக்கா. "நீ வரணும். அந்தச் செருப்பு கறுப்புல கிடைச்சா ஒண்ணு எடுத்துட்டு வா. எட்டாம் நம்பரு."

"எதுக்குக்கா?"

"எடுத்துட்டு வா."

தேனி மொத்தக் கடையில் சொல்லி வைத்து வாங்கினேன். அதே மாடல், கறுப்பு.

6. உத்தரவு

அதுவரைக்கும் எனக்கு ஒரு விசயம் தெரியாது. கருப்பனுக்குச் சாமியாடுகிறவரே வீரணன் அண்ணன்தான். அவர் அப்பாவுக்குப் பிறகு அவர். கருப்பன் இறங்கினால் ஆணிச் செருப்பில் ஏறி நிற்பார். மரக்கட்டையில் மேல்பார்த்து ஆணி அடித்த செருப்பு. வருசா வருசம் நிற்கிறார். ஒன்றும் ஆனதில்லை. ஆனால் அது விரல் போவதற்கு முன்னால்.

மாசிப் பொங்கல் அன்று காலையில் போனேன். முந்தின நாள் நல்ல மழை. இலுப்பை மரத்தடி சேறாகக் கிடந்தது. அக்கம்பக்கத்து ஜனம் நின்றது. பொங்கல் பொங்கியது. உறுமி அடிக்க ஆரம்பித்தார்கள். நான் ஓரமாக, செருப்பு வரிசைக்குப் பக்கத்தில், கேரி பேக்கோடு நின்றேன். அந்த வரிசையில் நிறைய என் சரக்கு. அங்கே நிற்பது எனக்கு டூட்டி மாதிரி இருந்தது.

அண்ணனுக்கு அருள் வந்தது. மோட்டாருக்கு ஓடுகிற ஆள் இல்லை அது. கண்ணே வேறு. அரிவாளைப் பிடுங்கினார். ஜனம் பின்னால் போனது. ஒருவர் ஆணிச் செருப்பைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

அக்கா வந்து அந்தச் செருப்புக்கு முன்னால் நின்றுகொண்டார்.

உறுமி நின்றுவிட்டது.

"எதுக்குடி மறிக்கிற?" என்றது சாமி.

"கருப்பா, ஒங்கிட்ட இம்புட்டு வருசத்துல நான் ஒண்ணு கேட்டதில்ல" என்றார் அக்கா. குரல் நடுங்கவில்லை. "ஒரு வெரலு குடுத்தாச்சு. அன்னைக்கு அடுப்படி வரைக்கும் ரத்தம். இந்த மனுசன் கால எனக்கு விட்டுக் குடு."

பக்கத்தில் ஒரு கிழவர் "ஆத்தாடி" என்றார்.

சாமி அக்காவைப் பார்த்தது. ஆணிச் செருப்பைப் பார்த்தது. பிறகு திரும்பி என் பக்கம் வந்தது. நான் நகரவில்லை. நகர இடமும் இல்லை. சாமி செருப்பு வரிசையை ஒரு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே வந்தது. கம்பூட்ஸ். மெத்தை. ஓட்டை. பச்சை, பச்சை, பச்சை.

"பச்சை எனக்கு ஆகாது" என்றது. "கறுப்பு குடு."

நான் கேரி பேக்கைப் பிரித்துக் கீழே வைத்தேன். பழக்கத்தில் ஜோடியைச் சேர்த்து, வாய் அவர் பக்கம் இருக்கும்படி வைத்தேன்.

சாமி நின்றது. குனியவில்லை. உட்காரவில்லை. கையை வைக்கவில்லை. வலது கால் உள்ளே போனது. இடது கால் உள்ளே போனது. உறுமி மறுபடி தொடங்கியது. அரிவாளைத் தூக்கிக்கொண்டு அந்தச் சேற்றில் சாமி ஆடியது. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். ஆனால் கிரிப்பையும் பார்த்துக்கொண்டேன். ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

அக்கா விடவில்லை. "அவுக இதப் போட்டுக்கிட்டு ஒன்னத் தாண்டலாமா? சொல்லிட்டுப் போ."

"தண்ணி பாய்ச்சுற காலுக்கு உத்தரவு குடுத்தேன்" என்றது சாமி. "மத்தவுக கழட்டிட்டுத்தேன் வரணும்."

அதோடு சாமி மலையேறிவிட்டது. அண்ணனைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார்கள். சோடா கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் காலைப் பார்த்தார்.

"இதென்ன?"

"கருப்பன் உத்தரவு" என்றார் அக்கா. "இனிமே போட்டுக்கிட்டுத் தாண்டலாமாம். ஊரே கேட்டுச்சு."

"நானா சொன்னேன்?"

"நீங்க எதுக்குச் சொல்றீக? சாமி சொல்லுச்சு."

அண்ணன் கொஞ்ச நேரம் கல்லைப் பார்த்தார். "அவன் சொன்னாச் சரி" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "வலது காலு முன்னாடி லூசா இருக்கேப்பா."

"சாமி ஆடினப்பச் சரியா இருந்துச்சேண்ணே."

"அவனுக்கு எல்லா வெரலும் இருக்கும்ல. எனக்கு ஒரு வெரலு எடம் காலியால்ல கிடக்கு."

கையோடு வைத்திருந்த ஃபோம் துண்டை வெட்டி அந்த இடத்தில் வைத்துக் கொடுத்தேன். எழுந்து நடந்து பார்த்தார். அப்போது மோட்டார் ரூமில் பல்பு எரிந்தது. பொங்கல் சாப்பிடாமலே போனார். கருப்பன் முன்னால் நின்றார். காலைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். கும்பிட்டார். கழற்றாமல் தாண்டினார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புகை" என்றார். அடுப்பு அணைந்து நேரமாகியிருந்தது.

அது சாமி சொன்னதா, அண்ணன் சொன்னதா, இரண்டு பேரும் பேசிக்கொண்டு சொன்னதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அண்ணன் கால் இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. குங்குமம் வைத்த செருப்பெல்லாம் அங்கேயேதான் இருக்கிறது. கம்பூட்ஸில் மறுபடியும் ஒரு தேரை இருப்பதாக அக்கா சொன்னார்.

முதலாளி கடை வாசலில் 'கருப்பசாமி உத்தரவு பெற்றது' என்று போர்டு வைக்க ஆசைப்பட்டார். பெயிண்டருக்கும் சொல்லிவிட்டார். அக்கா வந்து ஒரு வார்த்தைதான் சொன்னார். "ஆணிச் செருப்பு சும்மாத்தேன் கிடக்கு. ஒங்க நம்பர் என்ன?" போர்டு வரவில்லை.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். நம்பர் பார்ப்பது, சோல் பார்ப்பது, வாளியில் நிற்பது எல்லாம் வேண்டும். ஆனால் அது பாதி வேலை. அந்தக் கால் எந்த வழியாகப் போகிறது, எங்கே கழற்றுகிறது, எந்த வழியாகத் திரும்புகிறது என்று கேட்காமல் செருப்பை எடுத்துப் போடாதீர்கள்.

போன வாரம் ஒரு டீச்சர் வந்தார். மாடித் தோட்டத்துக்குப் போய்வர, தண்ணீர் புகாத, சட்டென்று மாட்டுகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றார்.

"போற வழியில சாமி இருக்காம்மா?" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு யோசித்தார். "ஆமாங்க. பூஜை ரூமைத் தாண்டித்தான் மாடிப்படி."

"உட்காருங்கம்மா" என்றேன். "இது கொஞ்சம் பேச வேண்டியிருக்கு."